மூடி மட்டும் போதும்

பதுளை கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். வெறுமனே "இல்லை" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்றும் சேர்த்தே சொல்வார்.

குக்கர் வாஷர் வாங்கப் போனேன்.

"சைஸ் தெரியாம தர முடியாதுங்க. மூடிய கொண்டு வாங்க, அளவு பாத்துத் தாரேன்."

நான் அப்புத்தளையில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவன். மற்ற மென்பொருள்கள் தகவல் கேட்டு வாங்க, முதல்முறையாக ஓர் ஏபிஐ செய்திருந்தேன். தப்பாகக் கேட்டால் "பிழையான கோரிக்கை" என்று மட்டும் அது பதில் தரும். அதைப் பயன்படுத்திய சக ஊழியர் தினமும் போன் செய்தார். "எது பிழைன்னு சொல்லுங்களேன். இல்லாட்டி வேற வழி பாக்குறேன்." விளக்கக் குறிப்பைப் படிக்கத் தெரியாத மனுஷன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

மறுவாரம் முழுக் குக்கரையும் பஸ்ஸில் சுமந்துகொண்டு கடைக்குப் போனேன். அவர் சிரித்துவிட்டார்.

"மூடி மட்டும் போதுமேங்க."

"நான்தான் சரியா கேக்கல."

"இல்லைங்க, இப்புடி வர்ற நாலாவது ஆளு நீங்க. நான் சொல்ற விதந்தான் சரியில்ல போல."

பேனாவை உருவி ஓர் அட்டையில் மூடியை வரைந்தார். "இது மட்டும் போதும்" என்று கீழே எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

திரும்பும் பஸ் பண்டாரவளையைத் தாண்டுமுன் சக ஊழியரை நானே அழைத்தேன். "எங்கெங்க மாட்டுறீங்கன்னு சொல்லுங்க. பிழை வந்தா என்ன செய்யணும்னும் சேத்து எழுதிடுறேன்."



"என்னங்க, ஒடம்பு சரியில்லையா?" என்றார்.