ரொங்கீன் ஜுரி யாருடையது?

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இறந்தவரைப் பற்றி இனிமையாக மட்டுமே எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள். அக்காவைப் பற்றி இனிமையாகவே எழுதுகிறேன். மற்றவர்களைப் பற்றி அந்த வாக்குறுதியைத் தர முடியவில்லை.

அக்கா பிறந்தது திருநெல்வேலியில். எங்கள் தந்தையாருக்குக் கல்கத்தா துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது அவர் கைக்குழந்தை. நான் பிறந்தது இங்கே ஜாதவ்பூரில், வாடகை வீட்டில். அக்கா பங்களா மொழியைத் தெருவில் கற்றார், தமிழை அம்மாவிடம் கற்றார், கோபத்தை யாரிடமும் கற்கவில்லை, கூடவே பிறந்தது. ஒரு முடிச்சு கோணலாக விழுந்தால் பாதி பின்னிய கூடையையும் பிரித்துவிடுவார். "விடுக்கா, யாரு பாக்கப் போறா?" என்றால், "நான் பாக்கேன்லா" என்பார்.

கூடை என்பது ஒயர் கூடை. நம் ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் பின்னுவது. அதை இந்த நகரத்தில் ஒரு தொழிலாக்கியது அக்கா. அத்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தொழிற்சாலை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கதவை மூடியது. அத்தான் நல்லவர், சத்தமில்லாதவர். வேலை போனதும் இன்னும் சத்தம் குறைந்துபோனார். அக்கா ஊரிலிருந்து ஒயர் வரவழைத்துப் பின்னத் தொடங்கினார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, நாங்கள் மாஷிமா என்போம், ஒரு சிவப்பு மஞ்சள் கூடையை மீன் சந்தைக்கு எடுத்துப் போனார். அடுத்த வாரம் அந்தத் தெருவே கேட்டு வந்தது. பிறகு கரியாஹாட்டில் ஒரு கைவினைக் கடை தொடர்ந்து வாங்கியது. கூடைகளுக்கு அக்கா பங்களாவிலேயே பெயர் வைத்தார்: ரொங்கீன் ஜுரி, வண்ணக்கூடை.

கடைக்கு வந்த ஒரு வெளியூர் வியாபாரி, "பௌதி, கார்டு ஆச்சே?" என்று, அதாவது அண்ணி, கார்டு இருக்கிறதா என்று கேட்டாராம். அக்காவிடம் கார்டு இல்லை. பால் ரசீதின் பின்புறம் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அவரிடமிருந்து பதிலே வரவில்லை. ரசீதைக் குப்பையில் போட்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னார்: "விசிட்டிங் கார்டு அடிக்கணும். கையில கார்டு இல்லாதவள ஒருத்தனும் வியாபாரின்னு நெனைக்க மாட்டான்."

அதன் பிறகு அக்காவுக்கு அது பற்றியே பேச்சு. ஓரத்தில் கூடைப் பின்னல் போல ஒரு கரை, நடுவில் ரொங்கீன் ஜுரி, அதன் கீழே அவர் பெயர், கீழே விலாசம். வெள்ளைத் தாள் வேண்டாம், சந்தன நிறம் வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்புறம் தானே வரைந்து காட்டினார். கரியாஹாட் சந்தில் இருந்த அச்சகத்தில் அதைக் கொடுத்துவிட்டு வந்தோம். புரூஃப் வந்த நாளில் அக்காவுக்குக் காய்ச்சல். வாங்கி வர அத்தான் போனார். திரும்பும் வழியில் தம் அண்ணன் வீட்டுக்குப் போனார். அந்த அண்ணனை நாங்கள் பெரிய அத்தான் என்போம். அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்தவர்.

புரூஃப் அக்காவின் கைக்கு வரவேயில்லை. கார்டுகள் பெட்டியோடு வீட்டுக்கு வந்தன. கரை இருந்தது. சந்தன நிறம் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. அந்த இடத்தில் அத்தான் பெயர், பக்கத்தில் உரிமையாளர் என்று.

"என் பேரு எங்க?" என்றார் அக்கா.

அத்தான் தரையைப் பார்த்தார். கூடவே வந்திருந்த பெரிய அத்தான்தான் பதில் சொன்னார். "பொம்பள பேரப் போட்டு, வீட்டு அட்ரஸையும் போட்டு, கண்டவன் கையில குடுக்கறதா? தம்பி வேலையில்லாம இருக்கான். அவனுக்கும் நாலு பேர் மத்தியில ஒரு மரியாதை வேணும்லாம்மா. எல்லாம் ஒண்ணுதானே?"

"முடிச்சு போடுறது நான்னு யாருக்குத் தெரியும்?"

அப்போதுதான் அத்தான் வாய் திறந்தார். "ஊருக்குத் தெரியாட்டா என்ன? எனக்குத் தெரியும்லா."

அந்த ஒரு வார்த்தைக்காக அக்கா விட்டுக்கொடுத்தார். அத்தானின் முகத்துக்காக விட்டுக்கொடுத்தார் என்று சொல்வதே சரி.

அந்தக் கார்டு நன்றாக வேலை செய்தது. அதுதான் கொடுமை. பெரிய கடைகளிலிருந்து அழைப்பு வந்தது, எல்லாம் அத்தான் பெயருக்கு. குளிர்காலக் கைவினைக் கண்காட்சியில் கடை கிடைத்தது, அத்தான் பெயருக்கு. அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அக்கா திரைக்குப் பின்னால் கைப்பிடி கட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் அத்தானின் மடியில் கூடையை வைத்துப் படம் எடுத்தார். இவர் கையால் பின்னுகிறார் என்று மறுநாள் வந்தது. ஒயர் அறுத்து அறுத்துக் கறுத்த விரல்களோடு அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் அன்று சாப்பிடவில்லை. ஆனால் பத்திரிகைக்குத் திருத்தம் சொல்லவும் இல்லை.

சில ஆண்டுகளில் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த மத்தியானம், இலை எடுத்த பிறகு, பெரிய அத்தான் பேச்சை எடுத்தார். லைசென்ஸ் தம்பி பேரில், பேங்க் கணக்கு தம்பி பேரில், கார்டிலும் தம்பி பேர். "அது எங்க வீட்டுப் பேரும்மா. இனி பையன் பாத்துக்கிடுவான். நீ ரெஸ்ட் எடு" என்றார். அவருடைய மகன் நியூ டவுனில் அலுவலகம் போட்டு, ரொங்கீன் ஜுரி என்ற அதே பெயரில், இயந்திரத்தில் அடித்த பிளாஸ்டிக் பைகளை விற்கத் தொடங்கினார். அந்த மத்தியானம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவர்களில் பலர் இதைப் படிக்கிறீர்கள். நானும் அக்காவும் வாதாடினோம். உங்களில் ஒருவர்கூட, "அவதானே பின்னினா" என்று சொல்லவில்லை.

அக்கா மீண்டும் அச்சகத்துக்குப் போனார். இம்முறை நானும் கூடவே நின்றேன். எழுத்துக் கோத்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் இருந்தது. அச்சகக்காரரை நாங்கள் தாதா, அண்ணன், என்போம்; அவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார்.

"அதே கார்டா, பௌதி?"

"இல்லை. கடைப் பெயர் வேண்டாம். என் பெயர் மட்டும். பெரிய எழுத்தில்."

தாதா நிமிர்ந்து பார்த்தார். முன்பு புரூஃபில் அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதச் சொன்னது யாரென்று அவருக்கு நினைவிருந்தது. தட்டத் தொடங்கினார்.

புதிய கார்டோடும் ஒரு மாதிரிக் கூடையோடும் பழைய கரியாஹாட் கடைக்குப் போனோம். பழைய முதலாளி இல்லை, மருமகன் இருந்தார். கார்டையும் கூடையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொங்கீன் ஜுரி வேறு ஒருவருடைய கம்பெனி, எங்களுக்குத் தெரியும். பேப்பரில் படம் வந்ததே. நீங்கள் அவர்கள் டிசைனைக் காப்பி அடிக்கிறீர்களா?" என்று பங்களாவில் கேட்டார்.

அக்கா பையிலிருந்து ஒயரை எடுத்தார், வாடிக்கையாளர்கள் நடமாடும் அந்தத் தரையில் உட்கார்ந்தார், அடி போட்டுப் பின்னத் தொடங்கினார். ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடி முடிந்து பக்கம் எழும்பியதும் அந்த மருமகன், "ஆச்சா, ஆச்சா, உடுன்" என்று எழச் சொன்னார். சின்னதாக ஓர் ஆர்டரும் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "ஜெயிச்சிட்டேக்கா" என்றேன்.

"என்னத்த ஜெயிச்சேன்? என் கூடைக்கு நானே சாட்சி சொல்லிட்டு வாறேன்" என்றார். டிராம் வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அக்கா தம் பெயரில் வியாபாரம் செய்தது கொஞ்ச காலம்தான். சிறுநீரகம் கெட்டு, கை வீங்கி, ஒயரை இழுக்க முடியாமல் போனது. மருத்துவமனையில் பார்க்க வந்த டாக்டரம்மாவுக்கும் ஒரு கார்டு கொடுத்தார். "குணமானதும் உங்களுக்கு நீலத்தில் ஒரு கூடை" என்றார். அது நடக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. தினமும் கஞ்சி கொண்டுவந்து, கடைசி வாரத்தில் அக்காவின் தலையை வாரிவிட்ட பக்கத்து வீட்டு மாஷிமாவுக்கு நன்றி. இந்த மலரைத் தாமே முன்வந்து அச்சடித்துத் தந்த தாதாவுக்கு நன்றி. தமிழ் தெரியாத அவர் அக்காவின் பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார்.

பெரிய அத்தான் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். மலருக்கான முழுச் செலவையும் தாம் ஏற்பதாகவும், பின்னட்டையில் தம் மகனுடைய கம்பெனி விளம்பரத்தைப் போட்டால் போதும் என்றும் சொன்னார். "எல்லாம் ஒரே குடும்பந்தானம்மா" என்றார்.

பின்னட்டை வெறுமையாக இருப்பது அச்சுப் பிழை அன்று.