பிறந்த வீட்டுக் கோடி

வியாசர்பாடி அப்பாவு எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவன் முறுக்கிய மரையை வேறு யாராலும் கழற்ற முடியாது. பக்தியையும் அப்படித்தான் முறுக்கி வைத்திருந்தான். புரட்டாசியில் எதிர்வீட்டில் கருவாடு சுட்டாலே சண்டைக்குப் போவான். நாமத்தைக் கோணலாகப் போட்டு வந்தான் என்று பஜனை மடத்திலிருந்து ஒருவனை விரட்டியிருக்கிறான்.

அவனுக்கு ஒரே தங்கை, கெங்கம்மா. தாய் தகப்பன் போனபின் அவன் சோறு ஊட்டி வளர்த்த பெண். அவள் ராயபுரத்தில் துறைமுகப் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டும் ஜேக்கப்பைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாள். அன்றைக்கே அப்பாவு தெருக் குழாயடியில் எல்லாரும் பார்க்க நின்று, குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். தங்கையைத் தலைமுழுகியாயிற்று.

"இன்னாத்துக்கு நைனா இவ்ளோ வீம்பு?" என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "ஒண்ணுல வுட்டுக்குடுத்தா எல்லாத்துலயும் வுட்டுக்குடுக்கணும்."

வருஷங்கள் ஓடின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது வாக்கில் பட்டறைக் கூட்டாளிகளோடு சுயமரியாதைக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தான். பிறப்பால் எவனும் தாழ்ந்தவனில்லை என்று மேடையில் சொன்னது நெஞ்சில் தைத்தது. அதில் பிசகு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டது அப்பாவு ஆயிற்றே! நாமம் போயிற்று, சாமி படங்கள் தெருவில் உடைந்தன. விபூதி பூசி வந்த சிநேகிதனுக்கு வீட்டில் தண்ணீர்கூடக் கிடையாது.

சேதி கேட்டு கெங்கம்மா ஓடி வந்தாள். சாமியே போனபிறகு சண்டை ஏது என்று, பாவம், நினைத்துவிட்டாள். அப்பாவு வாசலை மறித்து நின்று அவள் கழுத்தைப் பார்த்தான்.

"சிலுவைய அவுத்துட்டு உள்ள வா."

"அப்போ சாமி கீதுன்னு கதவ சாத்தினே. இப்போ சாமி இல்லேன்னு சாத்துறே. நான் வெளியவேதான் நிக்கிறேன் அண்ணாத்தே," என்றாள். அழவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் செத்தா பொறந்த வூட்டுக் கோடி எடுத்தாந்து உன் கையால போத்து. நாதியில்லாதவ மாதிரி நான் போவக்கூடாது."

"பொணத்துக்கு இன்னாத்துக்குப் புதுப்புடவ? மூடப்பழக்கம். ஒண்ணுல வுட்டுக்குடுத்தா…"

மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் கெங்கம்மா போய்ச் சேர்ந்தாள். சாவுச் சேதி சொல்ல ஆள் வந்து போனான். அப்பாவு எழுந்துபோய் தண்டையார்பேட்டைக் கடையில் ஒரு அரக்குப் புடவை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்கு நடந்தான். கொள்கையாவது ஒன்றாவது. அவள் கேட்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஜேக்கப் வீட்டில் பெட்டியை மூடத் தயாராக இருந்தார்கள். ஜெபம் பண்ண வந்திருந்த உபதேசியார் அவன் கையில் புடவையைப் பார்த்ததும் வாசலிலேயே தடுத்தார்.

"கோடி போடுறது அஞ்ஞானச் சடங்கு. அதைப் போட்டா நான் ஜெபம் பண்ணமாட்டேன். கல்லறையில இடமும் கிடையாது."

"அவ ஆசைப்பட்டு கேட்டாய்யா. ஒரே ஒரு புடவ."

"ஒண்ணுல விட்டுக்கொடுத்தா எல்லாத்துலயும் விட்டுக்கொடுக்கணும்."

அப்பாவு சொல்லிவந்த வாக்கியம் அது, சொல் மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தது. அதற்கு யாரும் பதில் சொல்லி ஜெயித்ததில்லை. எந்தச் சாமிக்கும் இனி இல்லை என்று நிறுத்தி வைத்திருந்த கைகளைக் கூப்பினான். அவர் அசையவில்லை. அசையமாட்டார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஜேக்கப்தான் எழுந்து வந்தான். புடவையை வாங்கி நாலாக மடித்தான்.

"போத்தல உபதேசியாரே. வெறும் பலக, தலைக்கு உறுத்தும்."

கெங்கம்மாவின் தலையை மெதுவாகத் தூக்கி அடியில் வைத்தான். இதற்கு என்ன சட்டம் என்று உபதேசியாருக்குத் தெரியவில்லை. வேத புஸ்தகத்தைப் பிரித்தார்.

அப்பாவு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். தன் கையால் போர்த்தக் கொடுத்து வைக்கவில்லை.

"உள்ள வா மச்சான்," என்றான் ஜேக்கப். எதையும் அவிழ்த்துவிட்டு வரச் சொல்லவில்லை.