அக்காவின் பட்ஜெட்டில் விடுபட்ட இல்லம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவன் என்ற முறையில் இந்த நினைவு மலரில் நானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், உத்தரவு போட்டுவிட்டார். நான் அரியலூரில் லாரி உதிரிபாகக் கடை நடத்துபவன். பில் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஒரு பக்கத்தில் அடங்காமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா இருந்திருந்தால் சிவப்புப் பேனாவால் பாதியை அடித்திருப்பார்.

அக்கா பிறந்தது திருமழபாடியில். கொள்ளிடக் கரையில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. வெள்ளம் வரும் வருடங்களில் அதுவும் ஆற்றோடு சேர்ந்துவிடும். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அக்கா பஸ்ஸில் போய் வந்துதான் அரியலூர்க் கல்லூரியில் படித்தார். பஸ் வராத நாட்களில் யாருடைய டிராக்டரிலாவது ஏறிக்கொள்வார். அரசு வேலைக்கான தேர்வில் முதல் முறை தோற்றபோது மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் அதே பழைய புத்தகங்களை எடுத்து உட்கார்ந்துவிட்டார். மறுமுறை தேறி, பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார்.

அலுவலகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்பது மாமாவின் இன்னொரு உத்தரவு. ஆதரவற்ற பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள் ஆகியோருக்கான இல்லங்களையும் உதவிகளையும் கவனிக்கும் அரசு அலுவலகம் என்பதோடு நிறுத்துகிறேன். துறைக் கணக்குத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறி, அக்கா அங்கே நிதிப் பிரிவுக்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அது என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். "அடுத்த வருசம் யாருக்கு எவ்வளவு வேணும்னு இப்பவே கணக்குப் போட்டு, மெட்ராஸுக்கு எழுதிக் கேக்கணும். குடுத்தா அதப் பிரிச்சு அனுப்பணும். அவ்வளவுதான்டா" என்றார். அக்கா எழுதினால் ஓர் இல்லத்துக்கு அரிசி வரும், எழுதாவிட்டால் வராது என்று நான் புரிந்துகொண்டேன்.

மார்ச் மாதத்தில் அக்காவை நாம் யாரும் பார்த்ததில்லை. பங்குனி முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்தவர்கள் எல்லோரும் அவர் மேல் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். என் கல்யாணமும் பங்குனியில்தான். தாலி கட்டும் நேரத்துக்கு வந்து, பந்திக்குக்கூட உட்காராமல் பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டார். அந்த மாதத்துக்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும், போனால் அடுத்த வருடம் கேட்கவும் முடியாது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது. நம் சொந்தத்தில் ஒருவர் இல்லங்களுக்குப் போர்வை சப்ளை செய்ய ஆசைப்பட்டு அக்கா வீட்டுக்குப் போனார். "டெண்டர் போடுங்கண்ணே, எல்லாரையும் போல" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார் அக்கா. அடுத்த இரண்டு வருடம் அவர் அந்த வாசலை மிதிக்கவில்லை. இந்த மலர் அவர் கைக்கும் போகும். வணக்கம் அண்ணே.

நல்லதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அக்கா செய்த ஒரு தவறையும் எழுதப் போகிறேன். அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் எதுவும் சொன்னதாக ஆகாது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்த நேரம் அது. கோப்புகள், பீரோக்கள், நாற்காலிகள் எல்லாம் இரண்டாகப் பிரிந்தன. அடுத்த ஆண்டுக்கு இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனியாக பட்ஜெட் தயாரிக்கும் பொறுப்பை அக்காவிடமே கொடுத்தார்கள். எல்லைக்குப் பக்கத்தில் சிறுமியர் இல்லம் ஒன்று இருந்தது. அப்போது பெரம்பலூர்ப் பக்கம் வாடகைக் கட்டடத்தில் நடந்தது. அரியலூர்ப் பக்கம் அதற்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பெரம்பலூர் பட்ஜெட் எழுதியபோது, இது அரியலூருக்குத்தானே போகப் போகிறது என்று அக்கா விட்டுவிட்டார். சில வாரம் கழித்து அரியலூர் பட்ஜெட் எழுதியபோது, கட்டடம் இன்னும் முடியவில்லையே, பெரம்பலூரில்தானே இருக்கும் என்று விட்டுவிட்டார். ஒரே ஆள் எழுதிய இரண்டு பட்ஜெட்டிலும் அந்த இல்லம் இல்லை.

ஏப்ரலில் பணம் வரவில்லை. வழக்கமான தாமதம் என்று நினைத்த வார்டன் அம்மா கடையில் கடன் சொல்லிச் சமாளித்தார். மே மாதம் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். உறவினர் இருக்கும் பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, யாருமே இல்லாத பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு வார்டன் அம்மா அக்காவுக்குப் போன் செய்தார்.

"மேடம், நாங்க பெரம்பலூரா அரியலூரானே எங்களுக்குத் தெரியலைங்க. ரெண்டு ஆபீஸ்லயும் இல்லைங்கறாங்க."

அக்கா இரண்டு பிரதிகளையும் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவை அவர் திறக்கவே இல்லை என்று அவரோடு வேலை பார்த்த தட்டச்சர் அம்மா, அக்காவின் காரியத்துக்கு வந்தபோது என்னிடம் சொன்னார். மற்ற விவரங்களும் அவர் சொன்னவைதான். மேலதிகாரி நல்ல மனிதர். அக்காவைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "டைப் அடிக்கையில விட்டுப்போச்சுன்னு எழுதிடுங்கம்மா. சின்ன மெமோவோட போயிடும்" என்றிருக்கிறார்.

"நான் எழுதிக் குடுத்ததுலயே இல்லைங்க சார். அவங்க எப்படி அடிப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, தவறு தன்னுடையது என்று நான்கே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை அரியலூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனார். தலைமை அலுவலகத்தில் மூன்று நாள் ஒவ்வொரு மேசையாக நின்று, கூடுதல் ஒதுக்கீட்டுக்கான உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். ஜூனில் பணம் வந்தது. ஓர் ஆண்டு ஊதிய உயர்வை அவருக்கு நிறுத்தினார்கள். பதவி உயர்வும் தள்ளிப்போனது.

நானும் மாமாவும் அவரோடு சண்டை போட்டோம். "அதான் பணம் வந்துடுச்சுல்ல. நீயே போயி ஏங்க்கா மாட்டிக்கிட்ட?" என்று கத்தினேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஊதிய உயர்வு போன வருத்தம் என்று நாங்கள் முடிவு கட்டிக்கொண்டோம். அத்தனை பெரிய அசடுகள் நாங்கள்.

அதன் பிறகு அக்காவின் வேலை முறை மாறியது என்று தட்டச்சர் அம்மா சொன்னார். எந்த பட்ஜெட்டிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், தொகைகளை மூடி வைத்துவிட்டு, இல்லங்களின் பெயர்களை மட்டும் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வாராம். "எவ்வளவுங்கறத அப்புறம் பாத்துக்கலாம். யாரு யாரு இருக்காங்கன்னு முதல்ல படி" என்பாராம். ஓய்வு பெறும் வரைக்கும் அதை விடவில்லை.

ஓய்வு பெற்று அரியலூரில் எங்கள் தெருவிலேயே குடிவந்த அடுத்த ஆண்டு நோய் தெரிந்தது. திருச்சியில் சிகிச்சை நடந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன வாரத்தில், ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பிய என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மே மாசம் அனுப்புன பிள்ளைங்க எல்லாம் ஜூன்ல திரும்பி வந்துட்டாங்கடா. ஒண்ணு மட்டும் வரல. எட்டு வயசு. அத்தைக்காரி கூட்டிட்டுப் போனா. ஆள் விட்டுத் தேடுனோம். வூட்டப் பூட்டிட்டுத் திருப்பூர் போயிட்டாங்கன்னாங்க. உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டதுன்னு கோப்ப மூடிட்டாங்க. அது என்ன ஆச்சோ. வீட்டு வேலைக்கு வுட்டாங்களோ, எவனுக்காவது கட்டி வச்சாங்களோ. எல்லாம் நான் ஒரு வரி எழுதாததால."

இத்தனை வருடம் அக்கா இதைத் தன் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. பிள்ளையின் பெயரும் அத்தையின் ஊரும் அவருக்கு மறக்கவில்லை. உடையார்பாளையம் பக்கம் ஓர் ஊர் அது. நான் நேராகக் கடைக்குப் போனேன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்கு டிரைவர் அனுப்பாத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. பேரிங் வாங்க வந்தவர், பிரேக் லைனிங் வாங்க வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் கேட்டேன். மூன்றாவது வாரம் ஒரு டிரைவர் தகவலோடு வந்தார். அந்த அத்தை திருப்பூரிலிருந்து ஊருக்கே திரும்பிவிட்டாராம். அண்ணன் மகளை வரதராஜன்பேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறாராம்.

மோட்டார் சைக்கிளில் தனியாகத்தான் போனேன். கெட்ட செய்தியாக இருந்தால் அக்காவிடம் என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டே போனேன். முந்திரி உடைக்கும் கொட்டகை ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே நான்கு பெண்களுக்கு வேலை சொல்லிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்தான் அது. கொட்டகை அவர்களுடையது. அந்த இடத்திலேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். "தண்ணி வேணுங்களாண்ணே?" என்று அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டார். அந்த இல்லத்துக் கணக்கைப் பார்த்த எங்கள் அக்கா அவரை ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, கணவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, ஒரு பை முந்திரிப் பருப்போடு அவர் அக்காவைப் பார்க்க வந்தார். அக்காவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தோம்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "நான்தாம்மா எழுத மறந்தேன். அதனாலதான் உங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பணம் வராம ஒன்ன அனுப்பிட்டாங்க. என்ன மன்னிச்சுரு" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாப்பாட்டுக்கா? இல்லைங்கம்மா. முழுப் பரீட்சை லீவுன்னுதானே அனுப்புனாங்க?"

"லீவா?"

"ஆமாங்க. லீவு முடிஞ்சு அத்தை பெட்டியக் கட்டுச்சு. நாந்தான் போவ மாட்டேன்னு அழுது உருண்டேன். சரி இருடின்னு சொல்லி, திருப்பூருக்கே கூட்டிட்டுப் போயி, பனியன் கம்பெனியில வேலை பாத்துப் பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வச்சுது." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப அந்த லீவு நீங்க வுட்டதுங்களா?"

அக்கா சிரித்துவிட்டார். இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தார். மாமா தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அத்தனை மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மார்க்கு, முந்திரி என்ன விலை என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்.

அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்து, "நல்லபடியா முடிஞ்சதால தப்பு இல்லன்னு ஆயிடாதுடா. ஆனா இனிமே தூங்கலாம்" என்றார். அன்று மதியம் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பதினோரு நாள் கழித்து, காலை காபிக்குப் பிறகு, தூக்கத்திலேயே போய்விட்டார். அக்கா போன துக்கம் எனக்கு உண்டு. ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அதைவிட நிம்மதிதான் பெரிதாக இருக்கிறது. அந்தப் பாரத்தோடு அவர் போயிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். திருச்சி மருத்துவர்கள், செவிலியர்கள். தினமும் வீட்டுக்கு வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மா. பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்து நின்ற அலுவலக நண்பர்கள். உண்மையை எங்களுக்குச் சொன்ன தட்டச்சர் அம்மா. என் தொல்லையைப் பொறுத்துக்கொண்ட லாரி டிரைவர்கள். காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாத தெருக்காரர்கள். உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இன்னும் ஒருவர் பாக்கி. அந்த அத்தையை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுவதாக அவர் வளர்த்த பெண் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அம்மா, கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் அக்கா எழுத மறந்த பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். உங்களால்தான் எங்கள் அக்கா கடைசியில் நன்றாகத் தூங்கினார்.