ரெண்டா மூண்டா

முகநூலில் பழைய வாகனப் பைத்தியங்கள் கூடுகிற குழு ஒன்று இருக்கிறது. யாராவது கறள் பிடித்த லாண்ட்ரோவர் ஒன்றின் படத்தைப் போட்டு, இது எந்தச் சீரீஸ் என்று கேட்டால் முந்திக்கொண்டு பதில் எழுதுகிறவள் நான்தான். கார் ஓட்டவே தெரியாத, வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண் இதையெல்லாம் எங்கே படித்தாள் என்று கொழும்புப் பெடியங்கள் ஆச்சரியப்படுவார்கள். அப்பாவிடம் படித்தேன் என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. மீதியைச் சொன்னால் அந்தக் குழுவில் ஒருவரும் ஒரு கிழமைக்குச் சிரிக்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், சரவணை என்ற ஊரில் எங்களுடையது பெரிய வளவு. அப்பாவும், அவருடைய தம்பியான என் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டியிருந்தார்கள். சமையல் மட்டும் ஒரே குசினியில். சித்தப்பாவிடம் ஒரு பழைய லாண்ட்ரோவர் ஜீப் இருந்தது. ஊர்காவற்றுறையில் மீன் ஏற்றி, தீவை விட்டுப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் கொண்டுபோவது அவருடைய தொழில். சண்டைக் காலத்தில் ஒருநாள் விடிய மீனோடு வெளிக்கிட்டவர் திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, ஜீப்பும் இல்லை. நான் அப்போது தவழ்கிற பிள்ளை.

ஜீப்பும் சேர்ந்து காணாமற்போனதுதான் சித்திக்கு இருந்த ஒரே ஆறுதல். ஜீப் கிடைக்கவில்லையென்றால் மனிசன் பாலத்தைக் கடந்துவிட்டார் என்பது அவருடைய கணக்கு. வன்னிக்குப் போயிருப்பார், அங்கிருந்து வள்ளம் ஏறியிருப்பார், எங்கேயோ ஒரு நாட்டில் போன்கூட எடுக்க வழியில்லாமல் இருக்கிறார். சண்டை முடிந்த பிறகும் சித்தி அந்தக் கணக்கை விடவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. வாய் திறந்து என்னத்தைக் கிழிக்கிறது?

எனக்கு எட்டு வயதிருக்கும். ஊர்காவற்றுறைப் பக்கம் வற்றிக் கிடந்த குளமொன்றைத் தூர்வார மிசின் இறக்கினார்கள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு லாண்ட்ரோவர் வந்தது. பின்பக்கம் எரிந்திருந்தது, இலக்கத்தகடு இல்லை, உள்ளே ஒருவரும் இல்லை. அங்கே வேலைக்குப் போன ஊரவர் ஒருவர் வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அது சித்தப்பாவின் ஜீப் என்றால் அவர் பாலத்தையே காணவில்லை. தீவுக்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கிறது. அந்தளவு எனக்கும் விளங்கியது.

ஆனால் தீவுப்பகுதியில் லாண்ட்ரோவர் ஒன்றும் அதிசயமில்லை. மீன்காரர், கல் ஏற்றுகிறவர் என்று பலரிடம் இருந்தன. சித்தப்பா மட்டும் தன்னுடையது ‘ரெண்டு’, இரண்டாம் சீரீஸ், என்று பெருமையடிப்பாராம். அதற்கு லைற் இரண்டும் நடுவில், கம்பி வலைக்குள் ஒடுங்கி இருக்கும். பிறகு வந்த ‘மூண்டு’க்கு அவை விலகி, முன்சில்லுக்கு மேலே வருகிற மட்காட்டுக்குப் போய்விட்டன. சித்திக்குத் தெரிந்த மோட்டார் சாத்திரம் அவ்வளவுதான்.

அப்பா போய்ப் பார்த்துவர வெளிக்கிட்டார். தானும் வருகிறேன் என்று சித்தி கேட்கவில்லை. என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, என் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அப்பாவுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார்.

“கொப்பர் எனக்காகப் பொய் சொன்னாலும் சொல்லுவார். நீ போய்ப் பார், குஞ்சு. லைற் நடுவுக்கையோ, மட்காட்டிலையோ எண்டு மட்டும் பார். நீ சொன்னா நான் நம்புவன்.”

அப்பாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு போனேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகமும் சந்தோசமும். பெரிய ஆட்களை நம்பாமல் என்னை நம்பி ஒரு வேலை தந்திருக்கிறார்கள் அல்லவா!

ஜீப் குளக்கட்டில் கிடந்தது. சில்லில்லை, கதவில்லை. நான் ஓடிப்போய் முன்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு மட்காட்டிலும் லைற்றுக்கு வட்டமாக ஓட்டை இருந்தது. மட்காட்தான். கையை வைத்துத் தடவியும் பார்த்தேன். எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது.

அப்பா முன்பக்கம் வரவேயில்லை. சாரதி இருக்கிற பக்கத்தால் உள்ளே குனிந்து, டாஷ்போட்டின் நடுவிலிருந்த சேற்றை வழித்தார். மீற்றர் பூட்டுகிற இரண்டு வட்டங்கள் அங்கே தெரிந்தன. மூண்டுக்கு மீற்றர் நடுவில் வராது, சாரதியின் முகத்துக்கு நேரே இருக்கும். இது எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு, பாம்பு இருக்கக்கூடிய இடத்தில் அப்பா கையை விடுகிறாரே என்றுதான் பயந்தேன். அவர் கையை எடுக்காமல் அப்படியே குனிந்தபடி நின்றார்.

மட்காட்டின் கதையை அம்மா சொன்னது, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு. சித்தப்பா காணாமற்போகிறதுக்குக் கொஞ்சம் முந்தி, மாடொன்று குறுக்கே வந்து ஜீப்பின் முன்பக்கம் நொருங்கிவிட்டதாம். தேடியலைந்தும் ஒரு மூண்டின் மட்காட்தான் கிடைத்தது. அண்ணனும் தம்பியுமாக எங்கள் முற்றத்தில் வைத்தே அதைப் பூட்டினார்கள். சித்தி அப்போது வயிற்றிலிருந்த பிள்ளை தங்காமல், எழுவைதீவில் தாய் வீட்டில் படுக்கையில் கிடந்தார். வள்ளமும் ஓடாத நாட்கள். அவர் திரும்பி வந்தபோது பார்ப்பதற்கு ஜீப்பும் இல்லை, மனிசனும் இல்லை. கண்டதைக் கண்டபடியே சொல்லத்தான் என்னை அனுப்பினார்கள். நானும் கண்டதைத்தான் சொன்னேன்.

சைக்கிள் நிற்க முன்னமே குதித்து ஓடிப்போய், மட்காட்டில் என்று சொன்னேன். சித்தி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அப்பா வளவு வாசல் படலையடியில் நின்றபடியே சித்திக்குச் சொன்னார்.

“அது எங்கடை இல்லைப் பிள்ளை. அது மூண்டு. அவன்ரை ரெண்டெல்லோ.”

ஓம் என்றார் சித்தி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரமும் ஓம் என்றார். முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னரும் காணவில்லை, பின்னரும் காணவில்லை. குசினிக்குள் போய் உலையில் அரிசி போட்டார். பருப்பும் மீன் குழம்பும் வைக்கிறேன் என்று எனக்குச் சொன்னார்.

அப்பா வீட்டுக்குள் வரவில்லை. வளவைச் சுற்றி நேரே கிணற்றடிக்குப் போனார். உடுத்திருந்த சாரத்தைக்கூட மாற்றாமல் தலையில் வாளி வாளியாக அள்ளி வார்த்தார். சேறும் கறளும் போகத் தோய்கிறார் என்று நினைத்தேன். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள் தோயாமல் வீட்டு வாசல் மிதிப்பதில்லை என்று எனக்கும் தெரியும்தான். ஆனால் நாங்கள் போனது ஒரு குளத்துக்கு. அப்பா யோசித்துத்தான் செய்தாரா, அவருடைய உடம்பு தன்பாட்டில் அங்கே போய் நின்றதா, இனி யாரைக் கேட்பது? அவ்வளவு கவனமாகப் பொய் சொன்ன மனிசன் அந்த இடத்தில் மறந்துபோனார்.

சித்தி குசினி வாசலில் நின்று பார்த்தார். கடைசி வாளி வார்த்து முடியும்வரை பார்த்தார். உள்ளே போய்க் குடத்துத் தண்ணீரைச் சரித்து அடுப்பை அணைத்தார். அரிசி அரைவேக்காட்டில் நின்றது. அம்மா அதைக் கண்டும் திரும்ப நெருப்பு மூட்டவில்லை.

அடுத்தநாள் விடிய வழமைபோலக் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார் சித்தி. அந்தப் பொட்டை இன்றுவரை அழிக்கவில்லை. ஜீப்பைப் பற்றி அவரும் பேசியதில்லை, எனக்கும் கேட்கத் துணிவு வந்ததில்லை.

குளத்துக்குப் போய்வந்த அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்த பிள்ளைக்கு ஒரு பிடி சோறு போட இந்த வீட்டில் ஆளில்லையா என்று, நான்தான் நிலத்தில் காலை உதைத்து உதைத்து அழுதுகொண்டிருந்தேன்.