உப்பில்லாத குழம்புப் பொட்டலம்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி போன வாரம் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டாள். "சார், அந்தக் குழம்புப் பொட்டலம் வாங்கினா பிரயோஜனமா இருக்குமா?" ஊரப்பாக்கத்தில் அதை முதலில் வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வாங்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்குப் பேச வராது. படிப்பும் பத்தாவதோடு நின்றுவிட்டது. அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த தொழில் அது. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். நறுக்கிய காய், உரித்த சின்ன வெங்காயம், அரைத்த மசாலா, கரைத்த புளி, அளந்து கட்டிய பருப்பு, சின்னக் காகித மடிப்பில் கடுகும் வெந்தயமும் கறிவேப்பிலையும். காலையில் மின்சார ரயில் பிடித்து வேலைக்குப் போகும் பெண்களுக்காகத்தான் அதைச் செய்தார்கள். வாங்கிய ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் புற்றுக்கட்டி. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவளால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எடை குறையக் கூடாது. நாற்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே போனா அடுத்த ஊசி போட முடியாது. எப்படியாவது சாப்பிட வைங்க" என்றார். அப்போது அவள் நாற்பத்து நாலு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் அடுப்புப் பற்றவைத்ததில்லை.

பொட்டலம் கொண்டுவரும் அம்மா முதல் நாள் பையைக் கையில் கொடுத்துவிட்டு, "எண்ணெயும் தண்ணியும்தான் உங்குளுது. மத்ததெல்லாம் உள்ளயே கீதுண்ணே. கொதிக்க வச்சி எறக்கிட்டா வேல முடிஞ்சிது" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் சொன்னதை அப்படியே செய்தேன். இருபது நிமிஷத்தில் கத்தரிக்காய்க் குழம்பு தயார். வாசனைகூட வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவளுக்குச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன்.

அவள் மெதுவாக மென்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா, பரீட்சைக்கு ரிசல்ட்டு பாக்குற மாதிரி நிக்கிறீங்க? நல்லாத்தான் கீது. உப்பு ஒறப்பு எல்லாம் அளவா போட்டுகிறீங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். அவள் ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். பிறகு நான் என் தட்டில் போட்டு ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை.

என் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் செங்கல்பட்டில் நான் கணக்கெழுதும் அரிசி மில்லில் நாள் முழுக்க அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பொட்டலக்கார அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உள்ள உப்பு இல்லியேம்மா."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாண்ணே நீ! யாராச்சும் உப்ப எடுத்து இன்னொருத்தர் கைல குடுப்பாங்களா? ரெண்டு வூட்டுக்கும் சண்ட வரும்ல? நாலு பொம்பளைங்க சேந்து தொழில் பண்றோம், இதெல்லாம் பாக்காம இருப்பமா? உப்பு உன் வூட்டுது. இத்தக்கூட உன் பொண்டாட்டி சொல்லித் தரலியா?" பக்கத்து வீட்டு வாசலில் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சமைக்கிறவர்களுக்குத் தெரியும் என்று முதல் நாள் சொல்லாமல் விட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியவில்லை.

வெட்கத்தோடு உள்ளே வந்தேன். அன்று முருங்கைக்காய்க் குழம்பு. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உப்பு ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டேன். போட்டதும் சந்தேகம் வந்து, போட்டோமா இல்லையா என்று குழம்பி, இன்னொரு பிடியும் போட்டுவிட்டேன்.

அவள் சாப்பிட்டாள். அதே மாதிரி மெதுவாக. "நேத்து மாதிரியே கீதுங்க. அளவா."

நான் அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றினேன். உடனே தொட்டியில் துப்பிவிட்டேன். கடல் தண்ணீர் மாதிரி கரித்தது. குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். நேற்று அவள் எனக்காகப் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவே இல்லை. உப்பு இல்லாததும் தெரியவில்லை, இரண்டு பிடி போட்டதும் தெரியவில்லை.

ஓடிப்போய்க் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன். பாதி சாப்பிட்டுவிட்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"எப்பலேந்து?" என்றேன்.

"ரெண்டாவது ஊசி போட்டதுலேந்து. எத்த வாயில வச்சாலும் மண்ணு துன்ற மாதிரிதான் கீது."

"சொல்லக் கூடாதா?"

"பொண்ணு பாக்க எங்க வூட்டுக்கு வந்தீங்களே, சதுரங்கப்பட்டினத்துக்கு. காபில சக்கர போட மறந்துட்டேன். முழுசா குடிச்சிட்டு நல்லா இருந்துச்சின்னு எங்கம்மா கைல சொல்லிட்டுப் போனவரு யாரு? நீங்க சொன்னீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளால் சிரிக்க முடிந்தது. என்னால் முடியவில்லை.

அன்று முதல் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் சாப்பிடும்போது ருசியை நான் சொல்ல வேண்டும். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன் நான். முதல் வாய் நான் வைத்துக்கொண்டு, "புளிப்பு முதல்ல வருது. அப்புறம் காரம், தொண்டையில. பருப்பு கொஞ்சம் இனிப்பா இருக்குது" என்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாள். "வெந்தயம் தெரியுதா?" என்று கேட்பாள். "லேசா கசக்குது" என்பேன். "அப்டீனா தீஞ்சிகீது. நாளைக்கு அடுப்ப சின்னதா வைங்க" என்பாள். இப்படித்தான் தினமும் அரைக் கிண்ணம் உள்ளே போனது. அதன் பிறகு வழக்கமான எட்டு மணி வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன்.

அடுத்த ஊசிக்குப் போன நாள் அவள் வரிசையில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். எடை மெஷினில் செருப்போடு ஏறினாள். புடவை முந்தானைக்குள் வீட்டுச் சாவிக்கொத்தை முடிந்து வைத்திருந்தாள். நர்ஸம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. செருப்பைப் பார்த்தாள், கழற்றச் சொல்லவில்லை. முள் நாற்பதைத் தாண்டி கொஞ்சம் ஆடி நின்றது. நாற்பத்தொன்றுகூட இல்லை.

டாக்டர் எடை குறித்த அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு, "ஊசி இப்ப வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு என்ன பிடிக்குமோ அதைக் குடுங்க" என்றார். திரும்பி வரும் ரயிலில் தாம்பரம் தாண்டிய பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைத்தது. அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டலூர் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழம பொட்டலம் வேணாங்க. நீங்களே நறுக்கி, நீங்களே அரைச்சி ஒரு கொழம்பு வைங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். சின்ன வெங்காயம் கால் கிலோ.

"அய்ய, தோலோட சேத்து பாதி வெங்காயத்தையும் எறியிறீங்க. வெங்காயமா அது, பலாப்பழமா?"

"கண்ணு எரியுது."

"அழுவுங்க, அழுவுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. வெங்காயம்னு சொல்லிக்கலாம்."

புளி கரைக்க, பருப்பு வேக, மசாலா அரைக்க என்று இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தோம். கத்தரிக்காயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காற்றில் விரலால் காட்டினாள். எந்தக் கடையில் நல்லெண்ணெய் நன்றாக இருக்கும் என்றாள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஏன் சொல்லிக்கொடுக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

புதிதாகக் குடிவந்த அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதிலை மாற்றிச் சொல்ல மாட்டேன். பொட்டலம் நல்ல பொட்டலம்தான். அது இல்லாவிட்டால் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சமையலே நடந்திருக்காது, என் வேலையும் போயிருக்கும். ஆனால் இருபது நிமிஷத்தில் சமைத்துவிட்டு நான் ரயிலுக்கு ஓடிய அந்தக் காலை வேளைகளில் என் மனைவி தனியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பொட்டலம் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது, அவளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய அந்த நேரத்தைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பை இறக்கி, ஒரு வாய் பார்த்து, ருசியை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிண்ணத்தோடு வந்தேன். பேசிப் பேசிக் களைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பவில்லை. சாயங்காலம் சூடாக்கிக் கொடுத்தபோது மூன்று வாய் சாப்பிட்டாள். நாலாவது வாய்க்கு நான், "காரம் கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்று ஆரம்பித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, "நீங்க துன்னுங்க, நான் பாக்குறேன்" என்றாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கிண்ணம் முழுவதையும் நான் சாப்பிட்டு முடித்தேன்.