சுவரை விட்டுத் தள்ளிய கட்டில்

சாதனா மண்டல் எங்கள் வீட்டுக்கு வந்தது, என் மனைவி பாகீரதிக்குப் பக்கவாதம் வந்த அடுத்த மாதம். கல்கத்தா பாலிகஞ்சில் எங்களுடையது இரண்டு அறை ஃபிளாட். இந்த ஊரில் படுக்கையில் ஒருவர் இருக்கும் வீடுகளுக்கு ஆயா சென்டர்களிலிருந்துதான் பெண்கள் வருகிறார்கள். சாதனாவும் அப்படி வந்தவள்தான். காலையில் சோனார்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள். மாலையில் திரும்பிப் போவாள்.

இருபத்துநான்கு வருஷமாக இந்த வேலை செய்வதாகச் சொல்வாள். அவள் பார்த்துக்கொண்டவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு நான் கூட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டுதான் வந்தது. மகள் பிறந்தபோது வீட்டில் இருந்த இரண்டு வருஷத்தையும் அவள் சேர்த்துக்கொண்டிருந்தாள். சுட்டிக்காட்டினேன்.

"அப்பவும் ஒருத்தியைத் தூக்கிண்டுதானே இருந்தேன், மேசோ?" என்றாள்.

அவள் சொன்ன கணக்கையே இங்கே வைத்திருக்கிறேன். மேசோ என்றால் வங்காள மொழியில் சித்தப்பா முறை. பாகீரதி அவளுக்கு மாசிமா, சித்தி.

அவள் பேசும் தமிழ் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கற்றது. முதல் வீட்டில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெரியவர். அவரிடம் அவள் கற்ற முதல் வார்த்தை 'மெதுவா'. "தூக்கறச்சே மெதுவா, எறக்கறச்சே மெதுவா. சரி, மெட்ராஸ்காரா நமஸ்காரம் சொல்றது இப்படித்தான் போலிருக்குன்னு நெனச்சுண்டேன். மறுநாள் காலம்பற உள்ளே வந்து அவருக்கு நானே 'மெதுவா' சொன்னேன்." இதைச் சொல்லும்போதெல்லாம் பாகீரதி வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பாள். மறு பக்கம் அவளுக்கு அசையாது.

சென்ற வருஷம் அந்த சென்டரில் மூன்று பெண்கள் அடுத்தடுத்து முதுகு பிடித்துப் படுத்துவிட்டார்கள். அதன் பிறகு சென்டர் ஒரு மென்பொருளை வாங்கியது. கைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, ஆயா நோயாளியைத் தூக்குவதைப் படம் எடுக்கிறார்கள். படத்தின் மேல் அது தானே கோடு போட்டு, இடுப்பு, கழுத்து, முழங்கால் எவ்வளவு வளைகின்றன என்று அளக்கிறது. தூக்கும் எடையையும் சேர்த்து ஒரு மதிப்பெண் தருகிறது. எண் கூடினால் ஆபத்து கூடுதல். உடம்பின் எந்த இடம் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்திலும் காட்டுகிறது.

சிவப்பு வந்த வீட்டுக்கு இனி ஒற்றை ஆளை அனுப்புவதில்லை என்று சென்டர் சொல்லிவிட்டது. அங்கே வேலை செய்தவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தால் அவளை 'ஹால்கா' வீடுகளுக்கு மாற்றிவிடுவார்கள். ஹால்கா என்றால் லேசான வேலை. பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது. சாதனாவுக்கு ஐம்பத்திரண்டு.

"ஹால்கா வீட்டுல ஒரு வாரம் வெச்சுப்பா மேசோ. அப்புறம் 'நாங்களே பாத்துக்கறோம்'னு சொல்லிடுவா. அதுக்கப்புறம் சென்டர் பெஞ்சுல உக்காந்து யார் கூப்பிடுவான்னு வழி பாக்கணும்." அவள் மகள் நர்ஸிங் படிக்கிறாள். இரண்டு ஆட்களை வைத்துக்கொள்ள என் பென்ஷன் இடம் தராது.

இங்கே கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் அநேகமாக எல்லா வீட்டிலும் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் இருக்கும். கீழே பெட்டிகளை வைக்கலாம், மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்தாலும் மெத்தை நனையாது. முதல் மாடிக்கு வந்த பிறகும் எங்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பாகீரதி படுத்த பிறகு, விழுந்தால் அடிபடக் கூடாதென்று செங்கலை எடுத்துவிட்டோம். ஒரு பக்கமாவது உருளாமலிருக்கச் சுவரோடு ஒட்டியும் போட்டோம். சாதனா ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றி, மறு காலைத் தரையில் நீட்டி, குனிந்து அவளைத் தன் பக்கம் இழுத்துத்தான் தூக்குவாள்.

எங்கள் வீட்டில் படம் எடுக்க வருவதற்கு முதல் நாள், இன்னொரு ஆயாவிடம் யோசனை கேட்டுக்கொண்டு வந்து, வாசலில் காவல் இருக்கும் தர்வானைக் கூப்பிட்டுக் கட்டிலைச் சுவரை விட்டு இழுத்தாள். குனியாமல் தூக்குவதற்காகக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்தாள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது.

"ஒரு நாள்தானே? நாளைக்குச் சாயங்காலம் பழையபடி போட்டுடலாம்" என்றாள்.

மறுநாள் சென்டரிலிருந்து வந்தவள் சுபிக்ஷா. சினிமா ஸ்டூடியோக்கள் இருக்கும் டாலிகஞ்சில் வளர்ந்த தமிழ்ப் பெண், பிசியோதெரபி படித்தவள். ஜன்னலோரம் கைபேசியை நிறுத்திவிட்டு, "சாதனாதீ, ஆக்டிங் வேணாம். டெய்லி எப்படித் தூக்குவீங்களோ அப்படியே பண்ணுங்க" என்றாள். தீ என்றால் அக்கா.

"ஆக்டிங் பண்ண நான் என்ன உங்க டாலிகஞ்ச் ஸ்டூடியோவிலயா இருக்கேன்?"

முதுகு நேராக, முழங்கால் மடங்க, பாகீரதியை நாற்காலிக்கு மாற்றினாள். மஞ்சள் வந்தது. சாதனா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அப்போது பாகீரதி வாயைத் திறந்தாள். அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். "பொய். செவுரு. ஒட்டி."

சுபிக்ஷா சுவரைப் பார்த்தாள். கட்டில் உரசிய கறை இரண்டு வருஷத்துக்குச் சேர்ந்திருந்தது.

"மாசிமா! தினம் தலை வாரி விடறேனே, அதுக்கா இது?"

"நீ... திரும்பிண்டு... இடுப்பைப் புடிச்சுக்கறே. பீரோ கண்ணாடியில... பாக்கறேன்."

நானும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறேன். நான் உட்காரும் இடத்திலிருந்து அந்தக் கண்ணாடி தெரியாது.

தர்வானை மறுபடி அழைத்தோம். செங்கலை எடுத்து, கட்டிலைச் சுவரோடு தள்ளி, இரண்டாம் முறை படம் எடுத்தார்கள். முழங்கால் மெத்தையில் ஏறியதுமே இடுப்பு சிவந்துவிட்டது. சாதனா கைபேசியை வாங்கிப் பார்த்தாள்.

"இடுப்புக்கு யாரோ ஆல்தா பூசி விட்டாப்ல இருக்கு" என்றாள். வங்காளிப் பெண்கள் காலில் பூசும் சிவப்புச் சாயம் அது. யாரும் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் காட்டு" என்றாள். காட்டினாள் சுபிக்ஷா. சாதனா கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சென்டருக்கு எதை அனுப்பப் போறே?"

"ரெண்டையும்."

"ஒண்ணு போறும்மா. ரெண்டாவது என் வேலையை முழுங்கிடும்."

"சாதனாதீ, நீங்க மஞ்சள் வரணும்னு நடிச்சீங்க. ஆனா கட்டில் நடிக்கலையே? ஒசத்தி, தள்ளிப் போட்டா நிஜமாவே மஞ்சள்தான். ஏன் பழையபடி போடணும்?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், இனி ஒசத்தியே வெச்சிருப்பீங்களா? எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். கட்டிலை மறுபடி இழுத்து உயர்த்தி, பீரோவை அன்றே கூடத்துக்கு மாற்றினோம். உயர்ந்த கட்டிலில் உட்கார்ந்தால் பாகீரதிக்குக் கால் தரையில் எட்டவில்லை. அதற்கு ஒரு பலகை செய்யக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு வைத்தோம். சென்டர் படிவத்தில் வலி உண்டா என்ற கேள்விக்குச் சாதனா முதலில் 'இல்லை' என்று சொல்லியிருந்தாள். சுபிக்ஷா மறுபடி கேட்டாள். "ரொம்ப நாளா" என்றாள் சாதனா. அந்தப் படிவத்தில் அதற்கு ஆறு மாதம் வரைக்கும்தான் இடம் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுபிக்ஷா முடிவோடு வந்தாள். சாதனா எங்கள் வீட்டிலேயே இருக்கலாம். குளிப்பாட்டும் நாளில் மட்டும் இன்னொரு பெண் வருவாள். மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அதற்குள் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். சாதனா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? சோனார்பூர்ல டியூப்வெல்லுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு மேடு. காலம்பற ரயிலுக்கு முன்னாடி, சாயங்காலம் வந்தப்புறம், ரெண்டு கையிலயும் தண்ணி தூக்கறேன். அதையும் ஃபோன்ல எடுப்பியா?"

"அது ட்யூட்டி இல்லையே, சாதனாதீ. சென்டர் கணக்குல வராது."

"அப்போ உன் மெஷின் பாதி சாதனாவைத்தான் பாத்திருக்கு."

சுபிக்ஷா பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அதைக் கழற்றிக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தனை வாளி?" என்று கேட்டாள்.