பதினேழு பெயர், ஒரே நம்பர்

பண்டாரவளையில் ஒரு புடவைக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கைபேசிக்குத் தள்ளுபடிச் செய்தி அனுப்பும் ஆசை கடைக்காரர்களைப் பிடித்து ஆட்டியது. எங்கள் முதலாளியையும் விடவில்லை. கேட்காமல் அனுப்பினால் ஆட்கள் ஏசுவார்கள் என்பதால் என் கையில் ஒரு கொப்பியைத் தந்தார்.

"விருப்பமான்னு கேளு. ஆமான்னா மட்டும் பேரையும் நம்பரையும் எழுது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கடை நெறையணும். இல்லாட்டி உனக்கு இங்க வேலை இல்ல புள்ள."

வேலை போனால் எனக்குத் தேயிலை பறிக்கும் கொழுந்துக் கூடைதான். கூடையைக் கண்டால் எனக்கு ஆகாது, காலில் ஏறும் அட்டையைக் கண்டால் அதைவிட ஆகாது. அதனால் வருகிறவர்களிடம் எல்லாம் வாய் ஓயாமல் கேட்டேன்.

கொஸ்லந்தப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பெண்கள் பதினேழு பேர் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்ததே ஒரு கைபேசிதான். தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயம்மாவுடையது அது. "ஆயம்மா நம்பரப் போடு, அவங்க சொல்லிடுவாங்க" என்றார்கள். போட்டேன். அதில் என்ன தப்பு? வேலை கேட்டு நான் எழுதிய கடிதத்திலும் அந்த நம்பர்தான் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி செய்தியை அனுப்பினார். ஞாயிறு வந்து அதைக் காட்டினால் புடவைக்கு விலை குறைப்பு. சாயங்காலம் கொப்பியைப் புரட்டியவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரே நம்பர் பதினேழு தடவ! யார்கிட்டயும் கேக்காம நீயா எழுதிட்டியா?"

விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. "ஞாயிறு வரைக்கும் பாக்குறேன்" என்றார். அன்றிரவு, நான் தங்கியிருந்த கடை மாடியில் அழுதேன். கோபத்தில்தான்.

ஞாயிறு பத்து மணிவரை ஈ காக்கை இல்லை. மனதுக்குள் கூடையை முதுகில் மாட்டியே விட்டேன். அப்போது கைபேசியை உயரப் பிடித்தபடி ஆயம்மா படியேறி வந்தார். பின்னால் எங்கள் லயமே வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஆயம்மாவின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"எவடி என் நம்பர எழுதுனது? நீயா? வியாழக்கிழம பிள்ளைங்கள அப்பத்தான் தூங்க வச்சேன். டிங் டிங்குன்னு பதினேழு தடவ அடிக்குது! அத்தனையும் எந்திரிச்சு ஒப்பாரி. இவளுக எல்லார்கிட்டயும் விருப்பம் கேட்டியே, என்னையக் கேட்டியா?"

கேட்கவில்லைதான். வெட்கமாகிவிட்டது. ஆனால் நான் எல்லாரிடமும் கேட்டது உண்மை என்று தெரிந்துகொண்ட முதலாளி கொப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே போய் ஆயம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டு, பிளேன்டீக்குச் சொல்லிவிட்டார். பெண்கள் அந்த ஒரு கைபேசியைக் கைமாற்றிக் கைமாற்றிக் காட்டிப் புடவை எடுத்தார்கள். நிற்க இடமில்லை.

கூட்டம் தணிந்ததும் புதுப் பக்கத்தைத் திருப்பி ஆயம்மாவிடம் போனேன்.

"ஆயம்மா, இனிமே செய்தி அனுப்பலாங்களா?"

தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "அனுப்பு. ஒரே ஒரு தடவ. பன்னெண்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் அனுப்பாத. பிள்ளைங்க தூங்கும்."

சொன்னபடியே எழுதினேன். முதலாளி எட்டிப் பார்த்தார். அடிமட்டத்தை எடுத்து அந்தப் பக்கத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"எந்த நேரம் வசதின்னு இதுல எழுது. நாளையில இருந்து எல்லார்கிட்டயும் கேளு."

'நாளையில இருந்து' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.